மருந்தை நிறுத்துங்கள், தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: என் அண்ணன் 2008-ல் வைத்த ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) போன்சாய் இது. 2020-ல் வேலைக்காக வெளிநாடு போகும்போது என்னை நம்பி விட்டுப் போனார். சென்னைப் புறநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. ஹாலுக்குள் கொண்டுவந்து வைத்தேன், இன்னும் அதிகமாக உதிர்ந்தது. பக்கத்து நர்சரியில் பூஞ்சை என்று சொல்லி கார்பென்டாசிம் கொடுத்தார்கள். மூன்று முறை ஊற்றினேன். பிறகு சத்துக் குறைவாக இருக்கும் என்று டிஏபி உரம் கரைத்து ஊற்றினேன். காலையும் மாலையும் தண்ணீர் தவறுவதில்லை. ஆர்ஓ மெஷினில் வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் இதற்குத்தான் ஊற்றுகிறேன். சில இலைகள் இரண்டாக மடிந்து கிடக்கின்றன. மரத்துக்கு ஆயுள் முடிந்துவிட்டதா? மண் மாற்றச் சொல்கிறார்கள், வேரை வெட்ட எனக்குப் பயம். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மரம் சாகவில்லை. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது பக்கக் கிளைகளின் நுனியில் ஊசி போல ஒரு குருத்து நிற்கிறது. ஃபைகஸில் அடுத்த இலை அந்த உறைக்குள்தான் சுருண்டிருக்கும். உயிருள்ள குருத்து வெளிர் பச்சையாக, விறைப்பாக இருக்கும்; செத்த குருத்து காய்ந்த மிளகாய்க் காம்பு போலச் சுருங்கி, தொட்டால் விழும். வலது பக்கத்தில் நான் எண்ணியவரை ஒன்பது குருத்துகள் பச்சையாக இருக்கின்றன. இடது பக்கம் மங்கலாகத் தெரிகிறது, அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆயுளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினேழு வயது ஃபைகஸுக்குச் சின்ன வயது. அமெரிக்காவில் வாஷிங்டன் தேசிய மரப் பூங்காவில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. ஜப்பானில் 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்பட்டு வந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, அங்கிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் யமாகி குடும்பத்தின் தோட்டத்தில், ஒரு மதிலின் மறைவில் இருந்து பிழைத்தது. 1976-ல் அந்தக் குடும்பம் அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தது. இன்றும் தளிர் விடுகிறது. தொட்டியில் இருப்பதால் மட்டும் மரத்துக்கு ஆயுள் குறைவதில்லை. காலாகாலத்தில் வேரைக் கழித்து மண்ணை மாற்றிக்கொண்டே வந்ததால்தான் அத்தனை வருடம் அது தொட்டியில் இருக்க முடிந்தது. உங்களுக்குப் பயம் தரும் அந்த வேலைதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி உங்கள் மரத்துக்கு வருகிறேன். எது முதலில் மஞ்சளானது, எந்தப் பக்கம் தொடங்கியது என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. ஒரே ஒரு கிளை மட்டும் வாடினால் காரணம் அந்தக் கிளையில்தான் இருக்கும்: கம்பி பட்டையில் பதிந்திருக்கலாம், துளைப்பான் புழு போயிருக்கலாம், ஒடிந்திருக்கலாம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பெரும்பாலும் தண்ணீரின் காரத்தன்மையால் இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். பழைய இலைகள் முழுதாக மஞ்சளாகி, மரம் முழுக்க ஒரே மாதிரி உதிர்ந்தால் வேரைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் முதல் படத்தில் தெரிவது இந்த மூன்றாவது வகை.

இரண்டாவது படத்தில் தொட்டியின் விளிம்பைவிட மண் ஒரு விரல் உயரம் மேலே எழும்பி நிற்கிறது. உங்கள் அண்ணன் அப்படி வைத்திருக்க மாட்டார். கீழே வேர் சுற்றிச் சுற்றி மெத்தை போலாகி மண்ணை மேலே தள்ளியிருக்கிறது. மண்ணின் மேல் பச்சைப் பாசி பிசுபிசுப்பாகப் படர்ந்திருக்கிறது. விளிம்பில் வெள்ளைக் கோடு, அது உப்பு. சில இலைகளின் நுனி கருகியிருப்பதற்கும் அந்த உப்புதான் காரணம். ஆர்ஓ மெஷின் நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு, பிரித்தெடுத்த உப்பையெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் தள்ளுகிறது. போர்வெல் தண்ணீரே உப்பாக இருக்கும் இடத்தில், கழிவு அதைவிட உப்பு. வாசல் தெளிக்கலாம், பாத்ரூம் கழுவலாம், சின்னத் தொட்டியில் இருக்கும் மரத்துக்கு ஊற்றக் கூடாது. பிடித்து ஒரு நாள் வைத்தால் உப்பு போய்விடும் என்று சொல்வார்கள். வைத்திருந்தால் போவது குளோரின் மட்டும்தான், உப்பு எங்கும் போகாது. நல்ல மனதோடு செய்தீர்கள், ஆனால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஆக, என் கணிப்பு இது. ஆறு வருடமாக மண் மாற்றாமல் மண் இறுகிவிட்டது. ஐப்பசி மழையில் தண்ணீர் வடியவில்லை. வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கியது. அதன் மேல் உப்பு, உரம், வெளிச்சம் குறைந்த ஹால் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஃபைகஸ் இடம் மாறினாலே இலை கொட்டும் மரம். வெயிலில் இருந்ததைத் திடீரென்று ஹாலுக்குள் வைத்ததும் உதிர்வது அதிகமானதில் ஆச்சரியம் இல்லை.

மழை நின்று இத்தனை நாளான பிறகும் மண் ஏன் ஈரமாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து உள்ளங்கையில் படுக்க வையுங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். இப்போது அதை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள், மறுபடியும் தண்ணீர் வடியும். தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் மண்ணின் அடியில் ஒரு அடுக்குத் தண்ணீர் வடியாமல் நின்றே தீரும். அந்த அடுக்கின் உயரத்தைத் தொட்டியின் ஆழம் தீர்மானிப்பதில்லை, மண் துகளின் பருமன்தான் தீர்மானிக்கிறது. துகள் நைசாக நைசாக அடுக்கு உயரும். ஆழமான மண் சட்டியில் அந்த அடுக்குக்கு மேலே வேருக்குக் காற்றாட இடம் இருக்கும். போன்சாய் ட்ரேயின் ஆழமே மூன்று நான்கு விரல்கடை. செம்மண்ணும் மட்கிப்போன தென்னை நார்த் தூளும் நிரம்பிய ட்ரேயில் ஏறக்குறைய முழு மண்ணுமே அந்த அடுக்குக்குள் மூழ்கிவிடும். காற்று இல்லாத வேர் தண்ணீரை உறிஞ்சாது. இலை தொங்கும். பார்ப்பவர்களுக்குத் தாகமாகத் தெரியும், இன்னும் ஊற்றுவார்கள். பாசத்தோடு வளர்ப்பவர்கள் வீட்டு மரங்கள்தான் இப்படி அதிகமாகப் போகின்றன. 1990-களில் நான் தொழில் கற்றுக்கொண்டிருந்தபோது எட்டு வருடப் புளி ஒன்றை இதே வழியில் இழந்தேன். இலை தொங்கத் தொங்கத் தண்ணீர் ஊற்றினேன். கடைசியில் தொட்டியிலிருந்து தூக்கியபோது வேர் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

கார்பென்டாசிம் பற்றியும் சொல்ல வேண்டும். அது நல்ல மருந்துதான், இலைப்புள்ளி போன்ற பல பூஞ்சை நோய்களுக்குக் கேட்கும். ஆனால் தண்ணீர் தேங்கிய மண்ணில் வேரைத் தாக்கும் பித்தியம், பைட்டோப்தோரா இரண்டும் பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் பூஞ்சை இனம் அல்ல. பழுப்புப் பாசிகளுக்கு உறவான வேறொரு கூட்டம். கார்பென்டாசிம் அவற்றைத் தொடாது. அது மட்டுமல்ல, வேருக்குத் துணை நிற்கும் டிரைக்கோடெர்மா போன்ற நல்ல பூஞ்சைகளை அதுவே கொன்றுவிடும். அழுகலுக்கு அந்தக் கூட்டம்தான் காரணமா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எதுவாக இருந்தாலும் காற்றில்லாத ஈரம்தான் அதற்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஈரத்தை வைத்துக்கொண்டு மருந்து ஊற்றினால், மருந்தோடு சேர்ந்து இன்னும் ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

டிஏபியும் வேண்டாம். உரமும் ஒரு வகை உப்புதான். நொந்த வேருக்கு அருகில் உப்பு கூடினால் வேரிலிருந்தே தண்ணீர் வெளியே இழுக்கப்படும். நோயில் கிடக்கும் பிள்ளைக்குக் கல்யாணச் சாப்பாடு போட மாட்டோம் அல்லவா?

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். கத்தரியை எடுப்பதற்கு முன்னால் இவற்றைச் செய்து பாருங்கள். ஒரு விளக்கமாற்று ஈர்க்குச்சியை ட்ரேயின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். இன்றைக்குத் தண்ணீர் ஊற்றாமலே அது கருத்து ஈரமாக வந்தால், மோந்து பாருங்கள். நல்ல மண் முதல் மழை வாசனை அடிக்கும், அழுகிய மண் சாக்கடை வாடை அடிக்கும். அடுத்து, கிளைகளைக் கீழிருந்து மேலாக ஊசியால் லேசாகக் குத்திக்கொண்டே வாருங்கள். பால் வருகிற இடம்வரை உயிர் இருக்கிறது. பால் முத்தாகத் திரண்டு நின்றால் நல்லது. கசிந்தும் கசியாமலும் இருந்தால் கிளை வறண்டுகொண்டிருக்கிறது. பால் வராத இடத்தில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள், பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்த நுனி போய்விட்டது. கடைசியாக, மண்ணை ஒட்டியுள்ள அடிமரத்தைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை ஃபைகஸுக்குச் சரி, எல்லா மரத்துக்கும் பொருந்தாது. ஜூனிபர் என்ற ஊசியிலை மரம் வேர் செத்துப் பல வாரம் கழித்தும் பச்சையாகவே நிற்கும். பரிசாக வந்த ஜூனிபரை நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் வாசகர்கள் எனக்கு நிறைய எழுதுகிறார்கள். ஃபைகஸ் அப்படி ஏமாற்றாது. உடம்புக்கு முடியவில்லை என்றால் உடனே இலையை உதிர்த்துச் சொல்லிவிடும்.

வேர் வேலையைப் பொதுவாக மாசிக் கடைசி, பங்குனியில் வெயில் ஏறும்போது செய்யச் சொல்வேன். ஆரோக்கியமான மரத்துக்கு அதுதான் முறை. உங்களுடையது தை மாதமாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அழுகல் அடிமரத்தை நோக்கி வரும். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.

முதலில் ட்ரேயின் அடியில் மரத்தைக் கட்டியிருக்கும் கம்பிகளை வெட்டுங்கள். ஒரு பழைய கத்தியை ட்ரேயின் உள்விளிம்பை ஒட்டிச் சுற்றிவர ஓட்டி, அடிமரத்தைப் பிடித்து லேசாக ஆட்டி மேலே தூக்குங்கள். கிளையைப் பிடித்து இழுக்க வேண்டாம். மண் கட்டி ட்ரே வடிவத்திலேயே வெளியே வரும். அதை உடனே உடைக்காமல் கீழ்ப்பக்கத்தைத் திருப்பி ஒரு படம் எடுங்கள். எனக்கு அதுதான் முக்கியமான படம். ஓரங்களில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள், வேரில் மாவுப்பூச்சி இருந்தால் அப்படித் தெரியும்.

பிறகு ஒரு குச்சியால் மண்ணைக் கிளறி உதிர்த்து, வாளித் தண்ணீரில் முக்கி அலசுங்கள். நல்ல வேர் பழுப்பாக இருந்தாலும் நுனி வெள்ளையாக இருக்கும், இழுத்தால் விறைப்பாக எதிர்க்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி உருவிக்கொண்டு வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் நிற்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், எதை வெட்டுவது என்ற பயம் போய்விடும். உருவிக்கொண்டு வருவதையெல்லாம், வெள்ளைச் சதை தெரியும் இடம்வரை வெட்டுங்கள். விறைப்பாக இருப்பதில் ஒன்றைக்கூட இப்போது தொட வேண்டாம். நீங்கள் வெட்டப்போவது ஏற்கெனவே செத்த வேரைத்தான். கத்தரியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தைத் திரும்ப அந்த ட்ரேயில் வைக்கக் கூடாது. அழகை ஒரு வருடத்துக்கு மறந்துவிடுங்கள். எட்டு அங்குல ஆழமுள்ள, அடியில் பெரிய ஓட்டையுள்ள மண் சட்டி ஒன்று வாங்குங்கள். கலவைக்கு, உடைத்த செங்கலை 3 முதல் 5 மி.மீ. வரை வரும்படி சலித்து, தூளைக் கழுவிக் கொட்டிவிட்டு மூன்று பங்கு எடுங்கள். நன்றாக மட்கிய இலைமட்கு ஒரு பங்கு. இவ்வளவு போதும். ஜப்பானிலிருந்து வரும் அகடாமா மண் நல்லதுதான், ஆனால் அது கிடைக்கவில்லை என்று எந்த ஃபைகஸும் சாகவில்லை. வேருக்கு நடுவில் காற்றுப் பொந்து விழாதபடி ஈர்க்குச்சியால் கலவையைக் குத்தி இறக்குங்கள். மரத்தைச் சட்டியோடு கட்டுக்கம்பியால் ஆடாமல் கட்டுவது மிக முக்கியம். காற்றில் ஆடுகிற மரத்தில், புதிதாக விடும் வேர்நுனி தினமும் அறுந்துகொண்டே இருக்கும்.

வேர் குறைந்துவிட்டதே, அதற்கு ஈடாக மேலே பாதியைக் கழித்துவிடலாமா என்று பலர் கேட்பார்கள். என் அனுபவத்தில் அது வேண்டாம். மிச்சமிருக்கும் இலைதான் புது வேருக்குச் சமைத்துப் போட வேண்டும். காய்ந்த நுனியை மட்டும் வெட்டுங்கள். இலை ஆவியாக்கும் தண்ணீரைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. சட்டிக்கு ஒரு தடவை தாராளமாக மழைத் தண்ணீரோ கார்ப்பரேஷன் தண்ணீரோ ஊற்றி முழுக்க வடியவிட்டு, மரத்தை ஒரு பெரிய கண்ணாடிப் பாலித்தீன் பைக்குள் வையுங்கள். நேர் வெயில் படாத, ஆனால் புத்தகம் படிக்கும் அளவைவிட நல்ல வெளிச்சம் உள்ள இடம் வேண்டும், மாடிப்படி மண்டபத்தின் கிழக்குப் பக்கம் போல. ஹால் வேண்டாம். தினமும் காலையில் கொஞ்ச நேரம் பையைத் திறந்து மூடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் குருத்து விரியத் தொடங்கும், அதன் பிறகு பையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கலாம்.

இனிமேல் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈர்க்குச்சியைப் பார்த்து ஊற்றுங்கள். மேலிருந்து இரண்டு விரல்கடைவரை உலர்ந்திருந்தால் மட்டும், அடியில் வழிந்து ஓடும்வரை ஊற்றுங்கள். வெயிலில் தினமும் கேட்கலாம், மேகமூட்டத்தில் நான்கு நாள் கேட்காமலும் இருக்கலாம். உரம், புது இலை விரிந்து முதிர்ந்த பிறகு. அதற்கு இரண்டு மாதமாவது ஆகும். புது மண் என்பதால் டிரைக்கோடெர்மா விரிடி ஒரு பிடி கலக்கலாம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் உயிர் உரக் கடைகளிலும் கிடைக்கும். ஆனால் அதன் மேல் மறுபடியும் பூஞ்சைக்கொல்லி ஊற்றிவிடாதீர்கள்.

மடிந்த இலைகளை மறக்கவில்லை. அது தனிக் கதை, வேரோடு தொடர்பில்லாதது. ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே எள்ளைவிட மெல்லிசாக, கறுப்பாகச் சில பூச்சிகள் ஓடும். ஃபைகஸ் இலைப்பேன் அது. இலைமேல் செம்புள்ளிகள் இருப்பதும் அதன் வேலைதான். மடிப்புக்குள் ஒளிந்திருப்பதால் தெளிக்கும் மருந்து அதன் மேல் படாது. மடிந்த இலைகளைக் கையால் பறித்து, பையில் கட்டி, குப்பையில் போடுங்கள். மாடியிலேயே போட்டால் திரும்பிவரும். பிறகு வாரம் ஒரு முறை மாலையில், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து, புதுத்தளிரில் தெளித்தால் போதும். பைக்குள் இருக்கும்வரை தெளிக்க வேண்டாம்.

நான்காவது படத்தில் கிளைமேல் ஏறும் எறும்பு வரிசையையும் பார்த்தேன். எறும்பு மரத்துக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் காரணமில்லாமல் வராது. அது போகும் வழியிலேயே கண்ணை ஓட்டுங்கள். இலையின் அடிநரம்பிலோ கிளைக் கவட்டையிலோ பழுப்பு மிளகு போல ஒட்டிக்கொண்டிருந்தால், அது செதில் பூச்சி. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடலாம்.

ஒருவேளை அடிமரம் சுற்றிலும் மெத்தென்று அமுங்கி, எங்கே குத்தினாலும் பால் வரவில்லை என்றால், காப்பாற்ற முடியாது என்பதை நான் மறைக்க மாட்டேன். உங்கள் படங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மண்ணைப் பிரிப்பதற்கு முன்னால், பால் நன்றாக வரும் வலது பக்கக் கிளையிலிருந்து பென்சில் கனத்தில் இரண்டு குச்சிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பாலைக் கழுவிவிட்டு, நுனியில் இரண்டு இலையை மட்டும் விட்டு, அதே செங்கல் கலவையில் தனிச் சட்டியில் ஊன்றி வையுங்கள். ஃபைகஸ் குச்சியிலிருந்து எளிதில் வேர் பிடிக்கும். தாய் மரம் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் உங்கள் அண்ணன் வைத்த அதே மரம் வீட்டில் இருக்கும்.

அண்ணனிடம் இன்றே பேசுங்கள். கோபப்படுவார் என்று தள்ளிப்போட வேண்டாம். கடைசியாக 2019-லா 2020-லா மண் மாற்றினார், அப்போது எந்தப் பக்கத்துத் தடி வேரைக் கழித்தார், கலவையில் என்ன போட்டார் என்று கேட்டு எழுதுங்கள். இடது பக்கக் குருத்து மட்டும் காய்ந்திருந்தால் அதற்கும் அவரிடம் பதில் இருக்கலாம். கூடவே அந்த அடிப்பக்க வேர்ப் படத்தையும் அனுப்பிவிடுங்கள்.